ஒப்புதல் கேட்கப்படாதவர்கள்: 1944–47 அதிகாரப் பங்கீட்டுப் பேச்சும் பட்டியல் சாதியினர் சம்மேளனமும்



தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் சேரிகளில் ஒரு கேள்வி எழுகிறது. பெரிய கட்சிகள் தங்களுக்குள் பேசி முடிக்காமல் இழுத்தடிக்கும்போது நம் கட்சி என்ன செய்ய வேண்டும்? வாசலில் காத்திருப்பதா, கொடுத்ததை வாங்கிக்கொள்வதா, எழுந்து வெளியேறுவதா? டீக்கடையில் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு எண்பது ஆண்டு வரலாறு உண்டு. 1944 முதல் 1947 வரை காங்கிரசும் முஸ்லிம் லீகும் பிரிட்டிஷ் அரசும் அதிகாரத்தை எப்படிப் பங்கிடுவது என்று பேசின. பேச்சு முறிந்தது, மீண்டும் தொடங்கியது, மீண்டும் முறிந்தது. அந்த மேசையில் உரிய இடம் தரப்படாத ஒரு எதிர்க்கட்சி இருந்தது. அதன் பெயர் அகில இந்தியப் பட்டியல் சாதியினர் சம்மேளனம். அது என்ன செய்தது, எதில் வென்றது, எதில் தோற்றது என்பதே இன்றைய என் பேச்சு.

1. சேலம் மாவட்டத்தின் பங்கு

இந்தக் கதையை டெல்லியிலிருந்து தொடங்குவது வழக்கம். நாம் இங்கிருந்தே தொடங்கலாம். அன்று நாமக்கல் தனி மாவட்டம் இல்லை. 1997இல்தான் பிரிந்தது. பழைய சேலம் மாவட்டம் அந்த நாள் அரசியலுக்கு இரண்டு பெரிய மனிதர்களைக் கொடுத்திருந்தது. ஒருவர் சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்து, 1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்த ராஜாஜி. இன்னொருவர் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். அவர் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சர்.

இருவரும் தீண்டாமைக்கு எதிராகப் பேசியவர்கள்தான். 1932 நவம்பரில் சென்னை சட்டமன்றத்தில் கோயில் நுழைவுத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சுப்பராயன். அதைச் சட்டமாக்க அவர் முயன்றபோது 1933 ஜனவரியில் வைசிராய் அனுமதி மறுத்தார். அதே 1932 செப்டம்பரில் எரவாடாவில் பூனா ஒப்பந்தம் உருவானபோது இந்துத் தலைவர்கள் பக்கம் நின்று பேசியவர்களில் முக்கியமானவர் ராஜாஜி. அவர்கள் நல்லெண்ணம் உள்ளவர்களா என்பது இன்று நம் கேள்வியாக வேண்டியதில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் உரிமை இன்னொரு கூட்டத்தின் நல்லெண்ணத்தைப் பொறுத்து நின்றால் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி.

2. ஒரு சொல், இரண்டு பொருள்

இன்று ‘தனித்தொகுதி’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது. கெங்கவல்லி, ஆத்தூர், ராசிபுரம் பட்டியல் சாதித் தனித்தொகுதிகள். ஏற்காடும் சேந்தமங்கலமும் பழங்குடியினருக்கானவை. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. நிற்பவர் நம்மவர், தேர்ந்தெடுப்பவர் எல்லோரும்.

1930இலும் 1931இலும் வட்டமேசை மாநாடுகளில் பாபாசாகேப் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கடைசியாக வந்து நின்ற கோரிக்கை இதற்கு நேர் எதிரானது. நிற்பவரும் நம்மவர், தேர்ந்தெடுப்பவரும் நாமே. அதைத் தனி வாக்காளர் தொகுதி என்று சொல்ல வேண்டும். தமிழில் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால், கேட்டதும் கிடைத்ததும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு இரட்டை வாக்குரிமை தந்தது. தனி வாக்காளர் தொகுதியில் ஒரு வாக்கு, பொதுத்தொகுதியில் இன்னொரு வாக்கு. செப்டம்பர் 20 அன்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாண சபைகளில் நமக்கு 148 இடங்கள், அதில் சென்னை மாகாணத்துக்கு 30. இடங்களின் எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் உரிமை போனது. இடையில் ஒரு சமரசம் இருந்தது. நம் வாக்காளர்கள் மட்டும் முதல்நிலைத் தேர்தலில் நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரைப் பொது வாக்காளர்கள் இறுதியில் தேர்ந்தெடுப்பார்கள்.

இதன் நடைமுறையை நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். அன்று வாக்குரிமை சொத்து, வரி, எழுத்தறிவு ஆகியவற்றைப் பொறுத்தது. பண்ணையத்தில் ஆளாக இருந்த மாதாரிக்கும், கவலைச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவருக்கும், ஏரிப்பாசனத்தில் கூலிக்கு நடவு நட்டவருக்கும் பட்டா ஏது, வரி ரசீது ஏது? பட்டியலில் ஏறிய நம் வாக்குகள் மக்கள்தொகையில் நம் பங்கைவிட மிகக் குறைவு. முதல்நிலையில் முதலாவதாக வந்தவரும் நான்காவதாக வந்தவரும் இறுதித் தேர்தலில் சமம். நம் மக்கள் நான்காவது இடத்தில் வைத்தவரை ஊர் முதலாவதாக்கிவிடலாம். நால்வருக்கு மேல் போட்டியாளர் இல்லாவிட்டால் முதல்நிலைத் தேர்தலே நடக்காது.

3. கொறடா ஏறிய இருக்கை

அந்த ஏற்பாட்டில் கிடைத்த இருக்கைக்கு எவ்வளவு வலிமை இருந்தது என்பதை 1938 காட்டியது. இதைச் சொல்ல எம்.சி. ராஜாவின் கதை தேவை.

ராஜா 1932 தொடக்கத்தில் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு, கூட்டு வாக்காளர் தொகுதியே போதும் என்றவர். அம்பேத்கருக்கும் இரட்டைமலைக்கும் எதிர்ப் பக்கத்தில் நின்றவர். 1937 ஜூலையில் ராஜாஜி சென்னையில் பிரதமரானார். சுப்பராயனும் அந்த அமைச்சரவையில் இருந்தார். சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தார்கள். சட்டம் போட்டால் சமூகத்தை மாற்றலாம் என்ற நம்பிக்கை அந்த அரசுக்கு இருந்தது. 1938இல் ராஜாவின் முயற்சியால் சமூகத் தகுதியின்மைகளை நீக்கும் சட்டமும் நிறைவேறியது. அடுத்து மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவு மசோதாவை அவர் கொண்டுவந்தபோது அரசு எதிர்த்தது. மலபாருக்கு மட்டும் முதலில் செய்வோம் என்றார் ராஜாஜி. தனி இடங்களில் காங்கிரஸ் சின்னத்தில் வென்றிருந்த நம் உறுப்பினர்கள் கட்சி சொன்னபடி நடந்தார்கள். மசோதா தோற்றது. ராஜா காந்திக்கு எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்ற சாரத்தில் பதில் வந்தது.

சமூகவியலில் பிரதிநிதித்துவம் பற்றிப் படிக்கும்போது ‘யாரைப் போல இருக்கிறார்’ என்பதையும் ‘யாருக்குப் பதில் சொல்கிறார்’ என்பதையும் பிரித்துப் பார்ப்போம். 1938இல் அந்த உறுப்பினர்கள் நம்மைப் போல இருந்தார்கள். பதில் சொன்னதோ கட்சிக்கு. அவர்களைத் துரோகிகள் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. அடுத்த தேர்தலில் அவர்களை நிறுத்துவதும் வெல்ல வைப்பதும் யார் கையில் இருந்தன என்று பார்த்தால் அவர்கள் ஏன் அப்படி நடந்தார்கள் என்பது புரியும்.

ராஜா திரும்பி வந்தார். 1942 மார்ச்சில் கிரிப்ஸ் தூதுக்குழுவைச் சந்திக்க அம்பேத்கருடன் சேர்ந்து போனவர் அவர்தான். பத்தாண்டு இடைவெளியில் ஒரு மனிதர் தன் அனுபவத்திலிருந்து கற்றதற்கு இது சான்று. கிரிப்ஸ் திட்டத்தில் நமக்கு ஒன்றும் இல்லை என்று கண்டபின், 1942 ஜூலையில் நாகபுரியில் பட்டியல் சாதியினர் சம்மேளனம் பிறந்தது. அதன் தலைவர் சென்னை வழக்கறிஞர் ந. சிவராஜ். அவரது துணைவியார் மீனாம்பாள் தென்னிந்தியாவில் அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர்.

4. 1944: சேலம், பம்பாய், சென்னை

1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் நீதிக்கட்சி மாநாடு கூடி, திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. சர், ராவ்பகதூர் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற அண்ணாதுரை தீர்மானம் நிறைவேறியது. கழகம் தேர்தல் பாதையிலிருந்து விலகியது.

இரண்டு வாரத்தில், செப்டம்பர் 9 அன்று, பம்பாயில் காந்தியும் ஜின்னாவும் பேசத் தொடங்கினார்கள். பேச்சுக்கு அடிப்படை ராஜாஜி வகுத்த திட்டம். முஸ்லிம் பெரும்பான்மை மாவட்டங்களில் பின்னர் வாக்கெடுப்பு நடத்தலாம், இப்போது இடைக்கால அரசில் லீக் ஒத்துழைக்க வேண்டும் என்பது அதன் மையம். சேலத்து வக்கீல் எழுதிய அந்தத் திட்டத்தில் சேலத்துச் சேரிக்கு ஒரு வரி இல்லை. செப்டம்பர் 27 அன்று பேச்சு முறிந்தது.

முறிவதற்கு நான்கு நாள் முன்பு, செப்டம்பர் 23 அன்று, சிவராஜ் தலைமையில் சம்மேளனத்தின் செயற்குழு சென்னையில் கூடியது. அம்பேத்கரும் அப்போது சென்னையில் இருந்தார். பட்டியல் சாதியினர் தேசிய வாழ்வில் தனித்ததொரு கூறு என்றும், அவர்கள் ஒப்புதல் இல்லாத எந்த அரசியலமைப்பும் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்றும் செயற்குழு அறிவித்தது. தனி வாக்காளர் தொகுதி, சட்டமன்றத்திலும் அமைச்சரவையிலும் அரசுப் பணியிலும் பங்கு, கல்விக்கு நிதி, ஊரின் பிடியிலிருந்து விலகித் தனிக் குடியிருப்புகள் ஆகியவற்றைக் கேட்டது.

இந்தத் தீர்மானம் வந்த நேரம் முக்கியமானது. இரண்டு பெரியவர்கள் உடன்பட்டுவிட்டால் மூன்றாமவர் குரல் கேட்காது. முறிந்துபோன பிறகு பேசினால் முறித்தவர்கள் பட்டியலில் நம்மையும் சேர்ப்பார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே விலையை எழுதி வைத்துவிட வேண்டும். கோரிக்கைகள் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்ததால் பின்னால் வந்த ஒவ்வொரு திட்டத்தையும் அந்தத் தாளோடு ஒப்பிட முடிந்தது.

அந்த நாட்களில்தான் அம்பேத்கர் சென்னையில் நீதிக்கட்சிக்காரர்களிடம் அவர்கள் ஏன் வீழ்ந்தார்கள் என்று வெளிப்படையாகப் பேசினார். சிலருக்கு உத்தியோகம் வாங்கித் தந்ததோடு நின்றுவிட்டீர்கள், கிராமத்து உழைக்கும் மக்களை மறந்தீர்கள், பார்ப்பனரை எதிர்த்துக்கொண்டே அவரைப்போல ஆக முயன்றீர்கள் என்பது அவர் விமர்சனத்தின் சாரம். பட்டம் பதவிகளைத் துறந்த சேலம் மாநாட்டுக்கும் இந்த விமர்சனத்துக்கும் இடையே ஒரு மாதம்கூட இல்லை. இரண்டு இயக்கங்களும் ஒரே நோயைக் கண்டன, வெவ்வேறு மருந்தை எடுத்தன. கழகம் தேர்தலை விட்டு வெளியே நின்று மக்களைத் திரட்டியது. சம்மேளனம் உள்ளே நுழையப் பார்த்தது. 1946 தேர்தலில் இந்தச் சமவெளியில் இருவரும் கைகோத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை நம் ஆய்வாளர்கள் இன்னும் முழுதாக எடுக்கவில்லை.

5. மேசையிலிருந்து தெருவுக்கு

1945 ஜூன் 25 முதல் ஜூலை 14 வரை சிம்லாவில் வேவல் பிரபு மாநாடு கூட்டினார். நம் சார்பில் சிவராஜ் அழைக்கப்பட்டார். வைசிராய் நிர்வாகக் குழுவில் சாதி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சம இடம் என்பது திட்டம். ஒன்பது கோடி முஸ்லிம்களுக்கு ஐந்து இடம், ஐந்து கோடிப் பட்டியல் சாதியினருக்கு ஓரிடம் என்பது என்ன கணக்கு என்று அம்பேத்கர் வைசிராய்க்கு எழுதினார். அவர் அப்போது அதே குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். பதவியில் இருந்துகொண்டே பதவி தந்தவரின் கணக்கை எழுத்தில் மறுத்தார். முஸ்லிம் உறுப்பினர்களை நியமிக்கும் உரிமை லீகுக்கு மட்டுமே என்று ஜின்னா நின்றதில் சிம்லாவும் முறிந்தது.

அடுத்து தேர்தல். 1945–46இல் சம்மேளனம் பெரும் தோல்வியைச் சந்தித்தது. மாகாணங்களின் 151 தனி இடங்களில் அதற்குக் கிடைத்தவை இரண்டே. முதல்நிலைத் தேர்தல் நடந்த இடங்களில் நம் மக்கள் காங்கிரசுக்கு எதிராகவும் பெருமளவில் வாக்களித்திருந்ததை அம்பேத்கர் சுட்டிக்காட்டினார். ஆனால் பெரும்பாலான தொகுதிகளில் முதல்நிலையே நடக்கவில்லை. எல்லா இடத்திலும் ஆள் நிறுத்த சம்மேளனத்திடம் பணமும் இல்லை, கிளைகளும் இல்லை. 1946 ஏப்ரல் 5 அன்று அமைச்சரவைத் தூதுக்குழுவிடம் அவர் இந்தக் கணக்கை வைத்தார். அவர்கள் இறுதி முடிவை மட்டும் பார்த்தார்கள். மே 16 அறிக்கை இந்தியாவில் பொது, முஸ்லிம், சீக்கியர் என்று மூன்று பிரிவுகளையே கண்டது. நாம் ‘பொது’வில் கரைக்கப்பட்டோம்.

இதன்பின் சம்மேளனம் ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்தது. 1946 ஜூலை 15 அன்று பூனாவில், சட்டமன்றம் கூடும் இடத்தில், பூனா ஒப்பந்தத்தை எதிர்த்துச் சத்தியாகிரகம் தொடங்கியது. நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். அதே ஜூலையில், பம்பாயில் வழியடைக்கப்பட்ட அம்பேத்கரை, ஜோகேந்திரநாத் மண்டலும் வங்கத்தின் பட்டியல் சாதி உறுப்பினர்களும் வாக்களித்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பினார்கள். அக்டோபரில் லீக் தன் பங்கு இடங்களில் ஒன்றை மண்டலுக்குக் கொடுக்க, அவர் இடைக்கால அரசில் சட்ட உறுப்பினரானார். காங்கிரஸ் பக்கத்தில் ஜெகஜீவன் ராம் ஏற்கெனவே இருந்தார். இரண்டு பெரியவர்களும் நம்மவர் ஒருவரைத் தங்கள் பக்கம் காட்ட வேண்டியிருந்தது. இந்த நெருக்கடியை உண்டாக்கியதில் சம்மேளனத்தின் கூச்சலுக்குப் பங்கு உண்டு.

பிறர் தோளில் ஏறுவதன் விலையும் தெரிந்தது. பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரான மண்டல் 1950இல் பதவி விலகி இந்தியா திரும்பினார். நம்பி அங்கே தங்கிய எளிய மக்களின் நிலை இன்னும் கொடியது. லீகோடு சேர்ந்ததால் மட்டும் நேர்ந்தது என்று இதைச் சொல்லிவிட முடியாது. காங்கிரசோடு சேர்ந்தவர்களும் 1938ஐப் பார்த்தவர்கள்தான். தோழமைக் கட்சி மாறலாம். நம் உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் வலிமை நம்மிடம் இல்லாவிட்டால் முடிவு ஒன்றாகவே இருக்கும்.

6. தோல்வியிலிருந்து சட்டத்துக்கு

1946 டிசம்பரில் லீக் புறக்கணித்த அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசினார். எல்லோரும் அவரிடம் கசப்பை எதிர்பார்த்தார்கள். அவரோ ஒன்றுபட்ட இந்தியா பற்றியும், விடுபட்டவர்களுக்குக் காத்திருப்பது பற்றியும் பேசினார். 1947 மார்ச்சில் சம்மேளனத்தின் சார்பில் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற விண்ணப்பத்தைச் சட்டப் பிரிவுகளின் வடிவில் எழுதினார். அதில் தனி வாக்காளர் தொகுதி இருந்தது, நிலமும் முக்கியத் தொழில்களும் அரசுடைமையாக வேண்டும் என்பதும் இருந்தது. பிரிவினையால் வங்க இடம் போனபோது, முன்பு வழியடைத்த காங்கிரசே அவரை பம்பாயிலிருந்து தேர்ந்தெடுத்தது. 1947 ஆகஸ்ட் 29 அன்று வரைவுக்குழு அமைந்தது. அதன் தலைவர் அவர்.

அதற்கு முந்தைய நாள் அதே சபையில் நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்ட அந்த விவாதத்தில், சென்னை மாகாணத்து காங்கிரஸ் உறுப்பினர் எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தனி இடத்தில் வெல்பவர் பட்டியல் சாதியினர் வாக்குகளில் குறைந்தது 35 சதவீதமாவது பெற்றிருக்க வேண்டும் என்றார். பட்டேல் எதிர்த்தார், திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. உள்ளே இருந்தவர்களுக்கும் வலி தெரிந்திருந்தது என்பதற்கு இது சாட்சி. அரை நூற்றாண்டு கழித்து, 1998இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் உடன்பாடு முக்கிய முடிவுகளுக்கு இதே தர்க்கத்தை ஏற்றது. மொத்தத்தில் 60 சதவீதம் போதாது, இரு தரப்பிலும் தனித்தனியே 40 சதவீதமாவது வேண்டும் என்று அங்கே விதி எழுதினார்கள். அங்கும் ஆட்சி பலமுறை முடங்கியது. ஆனாலும் சிறுபான்மையின் ஒப்புதலைத் தனியாக எண்ணுவது நாட்டைப் பிளக்கும் செயல் என்று அங்கே யாரும் முடிவுகட்டிவிடவில்லை.

7. நமக்கு மிஞ்சிய கணக்கு

சம்மேளனம் தனி வாக்காளர் தொகுதியில் தோற்றது. இடஒதுக்கீடு, 17ஆவது பிரிவு, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை ஆகியவை அரசியலமைப்பில் வந்தன. இரண்டு இடம் வென்ற ஒரு கட்சி இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம், கோரிக்கையை எழுதி வைத்ததும், தெரு, சபை, பதவி என்ற மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நினைக்காததும்தான்.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். மாகாணத் தலைமை சென்னையிலும் வட மாவட்டங்களிலும் வேரூன்றியிருந்தது. சேலம், நாமக்கல் சமவெளியின் பண்ணையங்களில் பெரும் எண்ணிக்கையில் உழைத்த அருந்ததியர் அந்த மேசையில் தங்கள் பெயரால் பேசப்படவில்லை. சென்னை சட்டமன்றத்தில் எல்.சி. குருசாமி போன்றோர் தனித்துக் குரல் கொடுத்தார்கள். 2009இல் 3 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வரவும், 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்று சொல்லவும் இத்தனை காலம் ஆனது. ஊர் நம் ஒப்புதலைக் கேட்கவில்லை என்று சொல்லும் நாம், நமக்குள்ளேயே ஒருவர் ஒப்புதலை ஒருவர் கேட்டோமா என்பதையும் இந்த மன்றத்தில் பேச வேண்டும்.

இன்று ஆட்சியில் பங்கு, அதிகாரத்தில் பங்கு என்ற முழக்கம் நம் சுவர்களில் இருக்கிறது. தொகுதிப் பங்கீடு இழுபடும்போது எத்தனை இடம் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். 1932இல் 148 என்ற எண்ணிக்கையைக் காட்டித்தான் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கப்பட்டது. எனவே எண்ணிக்கைக்கு முன் கேட்க வேண்டியவை சில உள்ளன. நம் வேட்பாளரை முடிவு செய்வது யார்? எந்தச் சின்னத்தில் நிற்கிறார்? பெரிய கட்சியின் சின்னத்தில் வென்றவரைச் சட்டம் அந்தக் கட்சிக்காரராகவே பார்க்கும், கொறடாவின் கட்டளை அவருக்கும் உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் பானைச் சின்னத்தில் நின்று இரண்டு இடங்களை வென்றதை நம் இளைஞர்கள் கொண்டாடியது வெறும் உணர்ச்சியல்ல. 1938ஐப் படித்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்.

நம் கிளைகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. அடுத்த பேச்சுவார்த்தைக் குழு சென்னைக்குப் பேருந்து ஏறும் முன், நம் ஒன்றியங்களில் கூட்டம் போட்டு, பஞ்சமி நிலம், சுடுகாட்டுப் பாதை, விசைத்தறிக் கூலி, விடுதி வசதி என்று நமக்கு வேண்டியதை எண்ணிட்டு எழுதிக் கொடுங்கள். பெண்களும் அருந்ததியரும் கையெழுத்திடாத தாள் போகக்கூடாது. பேச்சு முடிந்து வருபவரிடம் அந்தத் தாளை வைத்துக் கணக்குக் கேளுங்கள். 1944 செப்டம்பரில் சிவராஜ் தலைமையில் சென்னையில் நடந்ததும் இதுதான்.